மொத்தம் வேறு, மிச்சம் வேறு!

2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவைச் சேர்ந்த காய் செனட் என்ற இளைஞர், ஒரு மாத காலம் இரவு பகலாகக் கேமராவை அணைக்காமல் நேரலை நடத்திக்கொண்டிருந்தார். 'ட்விட்ச்' என்ற தளத்தில் அவருக்குப் பணச் சந்தா சேர்ந்தவர்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. அந்தத் தளத்தில் அதற்கு முன்பு யாரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

இப்படி ஒரு செய்தி வந்தால் வீட்டில் என்ன நடக்கும்? பையன் காகிதத்தை எடுப்பான். அமெரிக்காவில் ஒரு மாதச் சந்தா 5 டாலர் 99 சென்ட். 10 லட்சத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 60 லட்சம் டாலர். அதை ரூபாயாக்கினால் எத்தனை கோடி என்று எழுதிக் காட்டுவான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்ப்பான்.

அப்பாவோ பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் 22 ஆண்டுகளாக ஷிப்டு மாறி மாறி வேலை பார்ப்பவர். அல்லது மும்பையில் மின்சார ரயிலில் தொங்கியபடி அலுவலகம் போய்வரும் குமாஸ்தா. அவருடைய ஆயுள் சம்பாத்தியம் முழுவதும் அந்தக் காகிதத்தின் ஒரு மூலைக்குக் காணாது. "படிப்பு எதற்கு? வேலை எதற்கு? நானும் நேரலை நடத்துகிறேன்" என்று பையன் கேட்டால், பதில் சொல்ல அவர் தடுமாறுகிறார்.

தடுமாறத் தேவையில்லை. பையனின் பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் பெருக்கலோடு கணக்கு முடிந்துவிடவில்லை. கழித்தலும் வகுத்தலும் பாக்கி இருக்கின்றன. அந்தப் பாக்கிக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க, மாதா மாதம் சம்பளச் சீட்டு வாங்கிப் பழகிய தகப்பனைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை.

ஹவுஸ்புல் பலகை

சம்பளச் சீட்டில் இரண்டு தொகை உண்டு. மொத்தச் சம்பளம் ஒன்று. பிடித்தம் போகக் கைக்கு வருவது மற்றொன்று. பி.எஃப்., இ.எஸ்.ஐ., தொழில் வரி, சொசைட்டிக் கடன் எல்லாம் போக மிஞ்சுவதை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. மொத்தத்தை நம்பிக் கடன் வாங்கியவர் மாதக் கடைசியில் விழிக்கிறார்.

சினிமாக் கொட்டகை வாசலில் 'ஹவுஸ்புல்' பலகை தொங்கினால், படம் எடுத்தவர் பணக்காரர் ஆகிவிட்டார் என்று விவரம் தெரிந்தவர் யாரும் சொல்வதில்லை. டிக்கெட் பணத்தில் வரி போக வேண்டும். கொட்டகைக்காரர் பங்கு போக வேண்டும். விநியோகஸ்தர் பங்கு போக வேண்டும். வாங்கிய கடனுக்கு வட்டி போக வேண்டும். பலகையைப் பார்த்து லாபத்தைச் சொன்னால் கோடம்பாக்கத்தில் சிரிப்பார்கள்.

ஆனால் அதே கூட்டம் கைபேசித் திரையில் தெரிந்தால் மட்டும் நாம் மயங்கிவிடுகிறோம். திரையில் தெரியும் எண்ணிக்கையும் ஒரு ஹவுஸ்புல் பலகைதான். அது கூட்டத்தைக் காட்டும். கல்லாவைக் காட்டாது.

எது சந்தா?

முதல் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. யூடியூபில் 'சப்ஸ்கிரைப்' பொத்தானை அழுத்துவதற்குக் காசு கிடையாது. ஒரு சேனலுக்கு ஒரு லட்சம் சப்ஸ்கிரைபர்கள் என்றால், ஒரு லட்சம் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். அதில் ஒருவர்கூடப் பணம் கட்டாமல் இருக்கலாம். அங்கே பணம் கட்டிச் சேர்வதற்குப் பெயர் 'மெம்பர்ஷிப்'. 2018ஆம் ஆண்டு முதல் அது பரவலாக நடைமுறையில் உள்ளது.

ட்விட்ச் தளத்திலோ தலைகீழ். அங்கே காசில்லாமல் பின்தொடர்வதற்கு 'ஃபாலோ' என்று பெயர். 'சப்ஸ்கிரைப்' என்றால் மாதச் சந்தா. இந்தத் தளத்துச் சொல்லை அந்தத் தளத்துக்குப் பொருத்திப் பெருக்கினால், முதல் வரியிலேயே கணக்கு தவறிவிடும்.

இரண்டாவது குழப்பம், பார்ப்பவர் எண்ணிக்கை. ஒரே நேரத்தில் 10,000 பேர் பார்க்கிறார்கள் என்றால் அவர்களில் எத்தனை பேர் சந்தா கட்டியவர்கள்? அதற்கு நிலையான விகிதம் எதுவும் கிடையாது. ஊருக்கு ஊர், ஆட்டத்துக்கு ஆட்டம், ஆளுக்கு ஆள் மாறும். பணம் கட்டியவர் எண்ணிக்கை பொதுவாக ஸ்ட்ரீமரின் கணக்குப் பக்கத்தில்தான் தெரியும். அவரே வெளியில் காட்டினால்தான் மற்றவர்கள் அறியலாம். சில இணையதளங்கள் அரட்டைப் பகுதியில் வந்து விழும் சந்தா அறிவிப்புகளை எண்ணி ஊகித்துச் சொல்கின்றன. ஊகம் ஊகம்தான்.

ஒரே விலை அல்ல

எண்ணிக்கை சரியாகவே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். எதனால் பெருக்குவது?

அமெரிக்காவில் ட்விட்ச் சந்தா நெடுங்காலம் 4 டாலர் 99 சென்டாக இருந்தது. 2024 ஜூலையில்தான் 5 டாலர் 99 சென்ட் ஆயிற்று. இதற்கு மேல் இரண்டு உயர்ந்த படிகளும் உண்டு. ஆனால் 2021ஆம் ஆண்டு முதல் பல நாடுகளில் அந்தந்த நாட்டு மக்களின் வாங்கும் சக்திக்கு ஏற்ப விலை குறைக்கப்பட்டது. டெக்சாஸில் இருப்பவரும் துருக்கியில் இருப்பவரும் பட்டியலில் ஆளுக்கு ஒரு தலைதான். கொடுக்கும் பணம் ஒன்றல்ல.

அமேசான் பிரைம் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு சந்தாவைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் தமக்குப் பிடித்தவருக்குக் கொடுக்கலாம். அதுவும் ஒரு தலை. இன்னும் ஒன்று, பரிசுச் சந்தா. வசதி படைத்த ரசிகர் ஒருவர் ஒரே நேரத்தில் 50 பேருக்கோ 100 பேருக்கோ சந்தா கட்டிவிடுவார். திரையில் கொட்டுமேளம் முழங்கும். எண்ணிக்கை குபீரென்று ஏறும். ஆனால் பரிசு பெற்றவர்கள் அடுத்த மாதம் தம் கைக்காசைப் போடுவார்கள் என்பதற்கு என்ன உறுதி?

கல்யாண வீட்டு மொய்ப் பணத்தை மாத வருமானமாக எழுதிக்கொள்பவர் உண்டா?

59 ரூபாயில் 35 ரூபாய்

இனி பிடித்தங்களுக்கு வருவோம். நம் நாட்டில் யூடியூப் மெம்பர்ஷிப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரியும் சேர்த்து மாதம் 59 ரூபாய் என்று ஒரு ஸ்ட்ரீமர் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒருவர் கட்டும் அந்த 59 ரூபாய் எங்கே போகிறது?

18 சதவீத ஜி.எஸ்.டி. 9 ரூபாய். மீதி 50 ரூபாய். அதில் யூடியூபின் பங்கு 30 சதவீதம், அதாவது 15 ரூபாய். ஸ்ட்ரீமருக்குச் சேருவது 35 ரூபாய். ஐபோன் செயலி வழியாகக் கட்டினால் ஆப்பிள் கடைக்கும் ஒரு பங்கு போகும்.

இப்படி 500 பேர் கட்டினால் வசூல் 29,500 ரூபாய். ஸ்ட்ரீமருக்குச் சேருவது 17,500 ரூபாய். ரசிகர் பையன் சொல்வது முதல் தொகையை. வீட்டு வாடகை கட்டப் பயன்படுவது இரண்டாவது தொகை.

அந்த 17,500 ரூபாயும் முழுதாக மிஞ்சுமா? நல்ல இணைய இணைப்பு வேண்டும். கம்ப்யூட்டர், கேமரா, மைக் வேண்டும். அவற்றைத் தவணையில் வாங்கியிருந்தால் தவணை கட்ட வேண்டும். அரட்டையில் வசை பாடுபவர்களை விலக்கவும், காட்சிகளை வெட்டித் தொகுக்கவும் ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். கடைசியாக வருமான வரிக் கணக்கு. சம்பளக்காரருக்கு அலுவலகமே வரியைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. இவர் தாமே கணக்கு எழுத வேண்டும்.

ட்விட்ச் தளத்தில் சாதாரண ஸ்ட்ரீமருக்குச் சந்தாவில் பாதிதான். 60 சதவீதமும் 70 சதவீதமும் பெறும் திட்டம் உண்டு என்றாலும், அதற்கு மாதா மாதம் குறிப்பிட்ட அளவு சந்தாக்களைத் தக்கவைத்துக் காட்ட வேண்டும். பெரும்பாலோருக்குப் பாதி என்று வைத்துக் கணக்கிடுவதே நியாயம்.

14 லட்சம் 2 லட்சம் ஆன கதை

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று பையன் வாதாடலாம். நடந்த கணக்கையே பார்ப்போம்.

2021ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் தேதி லுட்விக் ஆக்ரென் என்ற அமெரிக்க ஸ்ட்ரீமர் ஒரு நேரலையைத் தொடங்கினார். யாராவது ஒரு சந்தா கட்டினால் நேரலை சில விநாடிகள் நீளும் என்பது நிபந்தனை. ஓரிரு நாளில் முடியும் என்று எண்ணித் தொடங்கியது 31 நாட்கள் நீண்டது. அவர் தூங்குவதையும் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். முடிவில் அவருடைய சந்தா எண்ணிக்கை 2,83,066. அன்றைக்கு அது சாதனை.

பையனின் முறைப்படி 4 டாலர் 99 சென்டால் பெருக்கினால் 14 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது. உலகம் முழுவதும் அப்படித்தான் பெருக்கிப் பார்த்தது.

பிறகு லுட்விக்கே கணக்கை வெளியிட்டார். தளத்தின் பங்கு போயிற்று. உதவியாளர்களுக்குக் கொடுத்தது போயிற்று. வாக்களித்தபடி அறநிலையங்களுக்குக் கொடுத்தது போயிற்று. வரி போயிற்று. எல்லாம் போகக் கையில் நின்றது ஏறத்தாழ 2 லட்சம் டாலர் என்றார்.

ஏழில் ஒரு பங்கு! 2 லட்சம் டாலர் சிறிய பணமல்ல, அவரும் வருந்தவில்லை. அறத்துக்குக் கொடுத்தது அவர் விரும்பிச் செய்தது. ஆனாலும் ஊரார் மதிப்பிட்ட தொகைக்கும் உடையவர் எண்ணிய தொகைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது.

ஊகம் எப்போதும் மிகையாகத்தான் இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. விளம்பரப் பணம், ரசிகர்கள் நேரடியாக அனுப்பும் அன்பளிப்பு, நிறுவனங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் ஆகியவை சந்தாக் கணக்கில் வராது. பெரிய ஸ்ட்ரீமர்களுக்கு ஒப்பந்தப் பணமே சந்தாவை மிஞ்சுவதும் உண்டு. ஆனால் அந்த ஒப்பந்தங்கள் உச்சியில் இருப்பவரைத்தான் தேடி வருகின்றன.

திருட்டுப் போன கணக்குப் புத்தகம்

உச்சியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2021 அக்டோபரில் ட்விட்ச் நிறுவனத்தின் உள் விவரங்கள் திருடப்பட்டு வெளியாகிவிட்டன. யாருக்கு எவ்வளவு பட்டுவாடா என்ற பட்டியலும் அதில் இருந்தது. 2019 ஆகஸ்டு முதல் இரண்டாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முதலிடம் பெற்ற சேனலுக்குப் போனது 96 லட்சம் டாலர். படித்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் அந்தச் சேனல் தனி ஒருவருடையது அல்ல. 'கிரிட்டிக்கல் ரோல்' என்ற, பின்னணிக் குரல் கலைஞர்கள் பலர் சேர்ந்து நடத்தும் குழு அது. அத்தனை பேரும், அவர்களிடம் வேலை செய்பவர்களும் அந்தப் பணத்தில்தான் பங்கு பெற வேண்டும்.

அதைவிட முக்கியமான செய்தி பட்டியலின் அடியில் இருந்தது. மொத்தப் பட்டுவாடாவில் பாதிக்கு மேல் உச்சியில் இருந்த ஒரு சதவீதத்தினருக்கே போயிற்று என்று அந்த விவரங்களை ஆராய்ந்த அமெரிக்கப் பத்திரிகை எழுதியது. மீதியைத்தான் மற்ற 99 சதவீதத்தினர் பங்கிட்டுக்கொண்டார்கள். நாமெல்லாம் பெயர் தெரிந்து பேசுவது அந்த ஒரு சதவீதத்தைப் பற்றி. நம் வீட்டுப் பையன் போய்ச் சேரப்போவதோ முதலில் 99 பேர் நிற்கும் வரிசையில்.

லீவு எடுத்தால்?

சம்பளத்துக்கும் சந்தாவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தொகையில் இல்லை. நிலைத்திருப்பதில் இருக்கிறது.

2018ஆம் ஆண்டு 'நிஞ்சா' என்ற பெயரில் ஆடிய டைலர் பிளெவின்ஸ் உலகின் முதல் ஸ்ட்ரீமராகக் கொடிகட்டிப் பறந்தார். இரண்டரை லட்சத்துக்கு மேல் சந்தா. அந்த ஆண்டு ஜூனில் ஒரு கண்காட்சிக்காக இரண்டே நாள் நேரலைக்கு வரவில்லை. 40,000 சந்தா குறைந்துவிட்டது என்று அவரே அறிவித்தார்.

இரண்டு நாள் லீவுக்கு இப்படி ஒரு சம்பள வெட்டை எந்த முதலாளி செய்வார்? காய்ச்சலில் படுத்தாலும், தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தாலும், பெற்றவருக்குக் கொள்ளி வைக்க ஓடி வந்தாலும் சந்தா காத்திருக்காது. ஈட்டிய விடுப்பு கிடையாது. பி.எஃப். கிடையாது. கிராஜுவிட்டி கிடையாது. தீபாவளிக்குப் போனஸ் கேட்டுக் கொடி பிடிக்க யூனியனும் கிடையாது.

தம் தவறே இல்லாமலும் பிழைப்புப் போகலாம். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜி மொபைல் ஆட்டமும் அதில் அடங்கியது. அந்த ஒரே ஆட்டத்தை நம்பி நேரலை நடத்திய இளைஞர்கள் மறுநாள் காலையில் எதை ஆடுவது என்று தெரியாமல் நின்றார்கள். அது வேறு பெயரில் 2021 ஜூலையில் வந்தது. 2022 ஜூலையில் மீண்டும் செயலிக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்பவும் வந்தது. கதவு திறப்பதும் மூடுவதுமாக இருக்கும் ஆலையில் வேலை செய்வது எப்படி என்பது, கதவடைப்பைக் கண்ட தொழிலாளிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எப்படிக் கணக்கிடுவது?

அப்படியானால் நேரலையே வேண்டாம் என்பதா? அல்ல. அதுவும் உழைப்புதான். எட்டு மணி நேரம் ஓயாமல் பேசி, ஆடி, சிரிக்கவைத்து, முன்பின் தெரியாத ஆயிரம் பேரைப் பிடித்து வைப்பது எளிய காரியமல்ல. வெளி மாநிலத்தில் ஒற்றை அறையில் தங்கி, வேலை முடிந்து களைத்து வருபவனுக்குத் தன் தாய்மொழியில் ஒருவன் பேசி ஆடிக்காட்டுவது எவ்வளவு ஆறுதல் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அந்த ஆறுதலுக்கு மாதம் 59 ரூபாய் கொடுப்பதில் தவறில்லை. அதில் 35 ரூபாய்தான் அவனுக்குப் போய்ச் சேருகிறது என்று தெரிந்து கொடுத்தால் போதும். ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போட வேண்டும்.

ஆனால் அதைத் தொழிலாக எடுக்க நினைப்பவர் கணக்கை மூன்று படியாகப் போட வேண்டும்.

ஒன்று: பெயர் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, தம் சொந்தக் காசைக் கட்டியவர்களை மட்டும் எண்ணுவது. பரிசுச் சந்தாவைத் தனியே எழுதுவது.

இரண்டு: விலையால் பெருக்காமல், கைக்கு வரும் தொகையால் பெருக்குவது. 59 அல்ல, 35. பிறகு செலவையும் தவணையையும் கழிப்பது.

மூன்று: பன்னிரண்டு மாதக் கணக்கை வரிசையாக எழுதி, அதில் மிகக் குறைந்த மாதம் எதுவோ அதையே வருமானமாகக் கொள்வது. அதிகம் வந்த மாதம் திருவிழா. குறைந்த மாதம்தான் குடும்பம்.

அந்தக் குறைந்த மாதத் தொகை, விடப்போகும் வேலையின் கைச் சம்பளத்துக்கும் பி.எஃப். பங்குக்கும் ஈடாக ஓராண்டு முழுவதும் நின்றால், அன்று வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம். அதுவரை வேலை நேரம் போக மீதி நேரத்தில் நேரலை நடத்தட்டும். படிக்கிற பையனாக இருந்தால் படிப்பு முடியட்டும்.

தளங்களை நடத்தும் நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. பணம் கட்டும் இடத்திலேயே, இந்தத் தொகையில் வரி எவ்வளவு, தங்கள் பங்கு எவ்வளவு, கலைஞருக்கு எவ்வளவு என்று மூன்று வரியில் அச்சிட்டுக் காட்டலாம். பெட்ரோல் பங்க் ரசீதில்கூட அளவும் விலையும் தனித்தனியே இருக்கின்றன. கோடிக்கணக்கில் சந்தா வாங்கும் நிறுவனத்துக்கு மூன்று வரி பாரமாகிவிடாது. அந்த மூன்று வரி இருந்தால், பல வீடுகளில் சாப்பாட்டு வேளையில் நடக்கும் சண்டை பாதியாகக் குறையும்.

ஆகவே பையன் பெருக்கல் கணக்கோடு வந்து நின்றால் தகப்பன் கோபிக்க வேண்டியதில்லை. கேலி செய்யவும் வேண்டியதில்லை. பெட்டியிலிருந்து தம் சம்பளச் சீட்டை எடுத்து அவன் கணக்குக்குப் பக்கத்தில் வைக்கட்டும். "இதில் மேலே இருக்கும் தொகை ஒன்று, கீழே இருக்கும் தொகை ஒன்று. நீ பள்ளிக்கூடம் போனது எந்தத் தொகையில் என்று பார். உன் கணக்கிலும் கீழ்த் தொகையை எழுதிக்கொண்டு வா, பேசலாம்" என்று சொல்லட்டும்.

பையன் அந்தக் கீழ்த் தொகையைத் தேடப் புறப்பட்டுவிட்டால், பாதிப் பாடம் படித்தாகிவிட்டது.